கடுகுக்கு நாலு வேளை

தென்னந்தோப்புக்குக் காவல் நாய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டைக்குப் போன என் கணவர், சாயங்காலம் சட்டைப் பைக்குள் ஒரு நாயோடு திரும்பி வந்தார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பேனா வைக்கிற பைக்குள் இருந்து இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன.

"டெரியர்னு நாய் விக்கிற பாண்டிராஜ் சொன்னான். டெரியர்னாலே பயங்கரமான சாதியாம்லா" என்றார்.

"என்ன டெரியர்?"

"டாய் டெரியர்."

"டாய்னா பொம்மைல்லா?"

"நான் ஏதோ சீனாப் பக்கத்து ஊருன்னு நெனச்சேன்" என்றார் குமரகுரு. எம்.காம். படித்தவர். பிறகு சமாளித்துக்கொண்டு, "வளரும்" என்றார்.

வளரவில்லை. மாசியில் வந்தது, ஆனி பிறந்த பிறகும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. தோப்பில் குரங்கை விரட்ட வாங்கிய நாயைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடாமல் நான் காவல் காக்க வேண்டியதாயிற்று. அவர் 'டைகர்' என்று பெயர் வைத்தார். நான் 'கடுகு' என்று கூப்பிட்டேன். கூப்பிட்டால் எந்தப் பெயருக்கு வரும்? சோறு போடுகிறவள் வைத்த பெயருக்குத்தான் வரும்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இதுதான் நடைமுறை. வாங்கி வருவது அவர், வளர்ப்பது நான். லவ் பேர்ட்ஸ் வந்தது, மீன் தொட்டி வந்தது, மாடியில் காளான் வளர்க்க வைக்கோல் கூட வந்தது. ஒரு வாரம் அவர் பக்கத்தில் நின்று ரசிப்பார். எட்டாம் நாள் அது என் தலையில் விடியும். எங்கள் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து தினமும் வீடியோ காலில் வருகிறாள், "எம்மா, கடுகைக் காட்டு" என்கிறாள், பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். அந்தப் பக்கம் பெற்ற தாய் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது.

கடுகு வந்த முதல் வாரத்திலேயே செத்துப் பிழைத்தது. ஒருநாள் விடிந்து பார்த்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி தரையில் கிடந்தது. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. தென்காசிக்கு அள்ளிக்கொண்டு ஓடினேன். கால்நடை டாக்டர் ஷரீபுன்னிசா அதன் ஈறைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முதலில் செய்தது ஊசி போட்டது இல்லை. மேஜை டிராயரில் இருந்து தேன் பாட்டிலை எடுத்து விரலால் ஈறில் தடவினார். ஐந்து நிமிஷத்தில் அது தலையைத் தூக்கியது. அப்புறம்தான் எனக்கு ஏச்சு விழுந்தது.

"உடம்பு குருவி உடம்புமா இது. வயிறு காய்ஞ்சா ரத்தத்துல சர்க்கரை சட்டுன்னு எறங்கிடும். நாலு வேளை, வேளை தப்பாமக் குடுக்கணும். குளிர் ஆகாது. சோபால இருந்து குதிச்சாலே கால் ஒடிஞ்சிரும். புள்ளைங்க கையில தூக்கக் குடுக்காதீங்க. ஆனா மனசு மட்டும் பெரிய நாய் மனசு. தான் இத்தனூண்டுன்னு அதுக்குத் தெரியாது. நீங்கதான் தெரிஞ்சு வச்சுக்கணும். எல்லாத்தையும் எழுதி ஒட்டி வைங்க."

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். காலை ஏழு, பதினொன்று, மாலை நாலு, இரவு எட்டு. எந்த வேளைக்கு எத்தனை கரண்டி என்றும் எழுதினேன். வயிறு காயக் கூடாது. சாரல் காலத்தில் குளிப்பாட்டக் கூடாது. துவண்டால் ஈறில் தேன். டாக்டர் போன் நம்பர்.

எங்களுடையது சைவ வீடு. கடுகுக்கோ முட்டை வேண்டும். பின்வாசலில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டை அவித்தேன். மூன்றாம் மாதத்தில் மூக்கைப் பொத்துவதை விட்டுவிட்டேன். அதன் நடுக்கத்தையும் படித்துக்கொண்டேன். டாய் டெரியர் எப்போது பார்த்தாலும் நடுங்கும், ஆனால் எல்லா நடுக்கமும் ஒன்றில்லை. குளிர் என்றால் முதுகு வளைந்து சுருளும். பசி என்றால் காது சில்லிட்டுப் பின்னங்கால் தடுமாறும். பயம் என்றால் வால் உள்ளே போய்விடும். தோப்பில் இருந்து அவர் பைக் சத்தம் கேட்டால் இடுப்புக்குக் கீழே மட்டும் ஆடும், அது சந்தோஷம். இதை எல்லாம் அவரிடம் சொன்னபோது, "சவம், நடுங்குனா நடுங்கிட்டுப் போவுது" என்று செய்தித்தாளைப் புரட்டினார்.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் காட்டிவிட்டான். அருவிக்கு மூன்று கிலோமீட்டரில் வீடு கட்டி இருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வருஷம் முழுவதும் செத்தோமா இருந்தோமா என்று கேட்காத சொந்தமெல்லாம், "சீசன் எப்படி இருக்கு?" என்று போன் பண்ணும். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போச்சு.

என் கணவரின் அக்கா, இராமலட்சுமி மதினி, கேட்காமலே வந்துவிடுவார். சென்னையில் இருந்து காரில், மகன் வல்லிநாயகம், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஐந்து பேர், பத்து நாள். மாமியார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவரை வளர்த்து ஆளாக்கியது மதினிதான். அதனால் அக்கா கிழித்த கோட்டை இவர் தாண்டமாட்டார். நானும் இருபத்திரண்டு வருஷமாகத் தாண்டவில்லை. மதினி கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் கிடையாது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்குப் பத்து நாள் தோசை சுட்டுப் பார்த்தால் தெரியும்.

வந்ததும் மதினியின் கண் ஃபிரிட்ஜில் விழுந்தது.

"இதென்ன ஏட்டி, நாய்க்கு டைம்டேபிளா! ஒம் புருசனுக்காவது இப்படி எழுதி ஒட்டிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பின்வாசல் சட்டியைப் பார்த்ததும் மதினி சிரிப்பு நின்றது. "நம்ம வீட்டுல முட்டை நாத்தமா? எங்க அம்மா இருந்தா இந்தப் படி மிதிப்பாளா?" என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, நான் போட்ட காபியைக் குடித்தார்.

அடுத்த நாள் பேரப்பிள்ளைகள் அந்தத் தாளின் மேல் தாங்கள் வாங்கிய காந்தப் பொம்மைகளை ஒட்டின. எடுத்துவிட்டேன். மறுபடியும் ஒட்டின. கடுகைச் சோபாவில் ஏற்றிக் குதிக்க விட்டன. பந்து மாதிரி ஒருவர் கையில் இருந்து ஒருவர் கைக்கு மாற்றின. அது உறுமியது, பல்லைக் காட்டியது. அதன் மொழியில் 'விடு' என்று அதற்கு மேல் எப்படிச் சொல்லும்? "கடிக்க வருது பாருங்க, என்ன நாய் வளத்திருக்கீங்க" என்றாள் மருமகள். நான் கடுகை எடுத்து அடுக்களைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். வந்த பிள்ளைகளை மூஞ்சியில் அடிக்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சாகிவிட்டது.

மதினிக்குத்தான் அந்த நடுக்கம் பொறுக்கவில்லை. "ஒடம்புல சூடு ஏறிப் போய்க் கெடக்கு, அதான் நடுங்குது. நல்லெண்ணெயத் தேச்சு அருவியில ஒரு முங்கு முக்குனா எல்லாம் சரியாப் போவும். மூலிகைத் தண்ணிலா!" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுக்குக் குளிர் ஆகாது மதினி. டாக்டர் சொல்லியிருக்காவ" என்று நானும் மூன்று நாளாகச் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஆறாம் நாள், புதன்கிழமை, வீட்டில் அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. தென்காசிக்குப் போகாமல் தீராது. மிச்சம் இருந்த அரிசியில் மத்தியானச் சோற்றை ஆக்கி வைத்தேன். காலை ஏழு மணிச் சாப்பாட்டைக் கடுகுக்குக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு உள்ளதைப் பிசைந்து கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு, இவரிடம் சொன்னேன்.

"பதினோரு மணிக்கு இதைக் குடுங்க. மறந்திராதிய."

"சரி, சரி."

"திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

"பதினோரு மணிக்குக் குடுக்கணும். நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

சீசன் நேரத்துத் தென்காசி ரோடு எப்படி இருக்கும்? வேனும் பஸ்ஸுமாக அடைத்துக்கொண்டு, எங்கள் ஊர் இலஞ்சி விலக்கில் வந்து இறங்க மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சத்தமும் இல்லை. நான் கேட்டைத் தொட்டாலே குலைக்கிற நாய் குலைக்கவில்லை. அடுக்களையில் கிண்ணம் வைத்தது வைத்தபடி மூடியோடு இருந்தது. பக்கத்தில் நல்லெண்ணெய் பாட்டில் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில்வரை தேடினேன்.

இரண்டு மணிக்குக் கார் வந்தது. எல்லோரும் தலையில் ஈரத் துண்டோடு, கண் சிவந்து, சந்தோஷமாக இறங்கினார்கள். வல்லிநாயகம் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஈரத் துண்டு. துண்டுக்குள் கடுகு.

"அருவிக்குப் பக்கத்துல நாயைக் கொண்டுவரக் கூடாதுன்னு போலீஸ்காரர் சத்தம் போட்டுட்டாரு அத்த. அதனால கீழ ஆத்துல வச்சுக் குளிப்பாட்டுனோம். நல்லா ஆட்டம் போட்டுச்சு, அசந்து உறங்குது" என்றான்.

உறங்கவில்லை. துண்டை விலக்கினேன். எண்ணெயும் தண்ணீருமாக மயிர் ஒட்டிப்போய், எலும்பு தெரிய, எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. காது ஐஸ்கட்டி. நடுக்கம்கூட இல்லை. நடுங்காத கடுகை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். ஈறைத் தூக்கினால் வெள்ளையாக இருந்தது.

"பதினோரு மணிக்குச் சோறு குடுத்தியளா?" என்று இவரைக் கேட்டேன்.

இவர் அக்காவைப் பார்த்தார்.

"நான்தான் வேண்டாம்னேன்" என்றார் மதினி. "எண்ணெ தேச்சுக் குளிக்கப் போறப்ப யாராவது வயித்துல சோத்த வச்சுக்கிட்டுப் போவாவளா? வெறும் வயித்தோட போயிக் குளிச்சிட்டு வந்து தின்னா, தின்னது அப்படியே ஒட்டும். மனுசனுக்கு உள்ளதுதானே நாய்க்கும்?"

அதுதான் நடந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எண்ணெய், வெறும் வயிறு, தண்ணீர், அப்புறம் கோரப்பசிக்குச் சோறு. ஒரு தப்பும் இல்லாத சட்டம். ஒன்றரைக் கிலோ உயிருக்கு அதில் ஒவ்வொன்றும் விஷம். அதை எல்லாம் வரிசையாக ஒரே நாளில் பாசத்தோடு செய்து முடித்திருந்தார்கள்.

நான் அழவில்லை, அழ நேரம் இல்லை. காய்ந்த துண்டால் துடைத்தேன். ஈறில் தேனைத் தடவினேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் வயிற்றோடு வைத்து, என் சேலைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்தேன். நெஞ்சில் ஏதோ துடிப்பது தெரிந்தது. அதுவா, நானா என்று தெரியவில்லை.

"காரை எடுங்க, டாக்டர்ட்ட போவோம்" என்றேன் இவரிடம்.

அதற்குள் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார்கள். இலை போட்டாகிவிட்டது. பிள்ளைகள் மேஜையைத் தட்டின.

"ஏட்டி வித்யா, மொதல்ல சோத்தப் போடு. அருவித் தண்ணி பட்டா எப்படிப் பசிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"அதுக்கும் பசிக்கும்லா மதினி" என்றேன்.

இவர் எழுந்திருக்கிற மாதிரி அசைந்தார், அக்கா முகத்தைப் பார்த்தார், "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருவோமே, பத்து நிமிசம்தானே" என்றார்.

எனக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. "சோறு சட்டியில இருக்கு. போட்டுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் தெருவுக்கு வந்தேன். பின்னால், "கோட்டி பிடிச்சிருச்சா இவளுக்கு?" என்று மதினி குரல் கேட்டது. ஆமாம், பைத்தியம்தான் பிடித்திருந்தது. வந்த ஆட்டோவை நடு ரோட்டில் நின்று மறித்தேன். ஆட்டோக்காரர் என் சேலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், மெயின் ரோட்டை விட்டு வயல் வழியாக ஓட்டினார். என் வீட்டு ஆட்களைவிட அவருக்கு அவசரம் புரிந்தது.

டாக்டர் முன்னங்காலில் மயிரை மழித்து, ஊசி ஏற்றி, குளுக்கோஸ் போட்டார். நூல் மாதிரி இருந்த காலில் நரம்பு கிடைக்க மூன்று தடவை குத்த வேண்டி இருந்தது. அது கத்தவில்லை. கத்தினால் தேவலை என்று இருந்தது எனக்கு. ஒரு மணி நேரம் கழித்துக் காது லேசாக அசைந்தது. அப்புறம் நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்து நான் சாமி கும்பிட்டேன்.

"இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது. "நான் சொன்னதை வீட்டுல உள்ளவங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

"சொன்னேன்."

"எழுதி ஒட்டச் சொன்னேன்ல?"

"ஒட்டினேன் டாக்டர்" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. நாய்க்காக மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்னதும் எழுதியதும் எல்லாம் அந்த ஃபிரிட்ஜில்தான் ஒட்டிக் கிடக்கிறது, எல்லோரும் அதைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடிவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது. டாக்டர் தண்ணீர் கொடுத்தார்.

இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்பினேன். தொட்டியில் எச்சில் பாத்திரம் குவிந்து கிடந்தது. மதினி என்னோடு பேசவில்லை. போனில் பேசினார், நான் கேட்க வேண்டும் என்றே. "நாய்க்காக எங்கள எலைக்கு முன்னால பட்டினி போட்டுட்டா. தாயில்லாத வீடுன்னா அப்படித்தான்." கீழப்பாவூரில் இருக்கிற சித்திவரைக்கும் செய்தி போயிற்று. இவர் ராத்திரி படுக்கப் போகும்போது, "அக்காட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுரேன்" என்றார். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "எனக்கு என்ன தெரியும், நீ வெவரமாச் சொல்லலையே" என்றும் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நாலு நாள் பாக்கி இருக்கும்போதே மூட்டை கட்டினார்கள். மூன்று மணிக்கு ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்து, பெட்டிகளைக் காரில் ஏற்றினார்கள். ஊரில் இருந்து போகிறவர்களுக்குக் கொடுக்கிற தேங்காய், பலாப்பழம் எல்லாம் இவரே ஓடி ஓடி எடுத்து வைத்தார். நான் கடுகைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வழியனுப்பாமல் இருக்கக் கூடாது, அந்த அளவுக்கு மரியாதை எனக்கும் தெரியும்.

மதினி காரில் ஏறும் முன்னால் திரும்பிப் பார்த்தார். முகம் உம்மென்று இருந்தது. ஆனாலும் முறையை விடவில்லை.

"போயிட்டு வாரோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கூட 'போறேன்' என்று சொல்லமாட்டார், 'வாரேன்' என்பார். வீட்டுக்காரர் 'போயிட்டு வாங்க' என்பார். எவ்வளவு பெரிய சண்டை என்றாலும் அந்த 'வாங்க' வந்தாக வேண்டும். சாவு வீட்டில் இருந்து மட்டும்தான் யாரும் 'வாரேன்' சொல்லாமல் போவார்கள். மதினி அதற்காகத்தான் நின்றார். இவர் என் முகத்தையே பார்த்தார், கண்ணாலேயே கெஞ்சினார்.

நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய் சொல்லவில்லை. பழகின வாய் அது. கடுகு ஸ்வெட்டருக்குள் இருந்து காலை வெளியே நீட்டியது. மயிர் மழித்த இடத்தில் பிளாஸ்திரி. அதைச் சுற்றி நீலமாகக் கன்றிப் போயிருந்தது. அது மதினியைப் பார்த்து, நேற்றில் இருந்து வராத குரலை எல்லாம் சேர்த்து, ஒரே ஒரு தடவை குலைத்தது. சத்தம் கீச்சென்றுதான் வந்தது.

"போங்க" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். மதினி இன்னும் ஒரு நொடி நின்றார், மிச்சம் வரும் என்று. வரவில்லை. அவர் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. கார் தெருமுனை திரும்பும்வரை இவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் பதிலுக்குச் சொல்ல இருபத்திரண்டு வருஷத்துச் சரக்கு என்னிடம் இருந்தது. அவர் ஏசவில்லை. சாரல் தூற ஆரம்பித்திருந்தது. என் இடுப்பில் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"நாய் நடுங்குதே, குளிருதோ?"

"நாய் இல்ல. நான்தான் நடுங்குதேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் கடுகைப் பார்த்தார். எது எந்த நடுக்கம் என்று தெரியாமல் நின்றார். உள்ளே கடிகாரத்தில் மணி நாலு அடித்தது.

"அதுக்குச் சோறு வைக்கணும்" என்றேன்.

"நான் வைக்கட்டா? எவ்வளவு வைக்கணும்?"

"ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டிருக்கு" என்றேன். "வாசிங்க."